இல்லறத்தில் புனிதம் கண்ட தாய் செலி மார்ட்டின்



சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித குழந்தை தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கர் இல்லை. நம் நாட்டு ஆலயங்கள் பலவற்றில், பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் அவரை வணங்கி வருகிறோம். ஆனால் அந்த மலர் பூத்த செடியை நாம் அதிகம் நினைப்பதில்லை. இந்த ஜூபிலி மலரில், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நம் தாய் தந்தையர்க்காக, தெரேசம்மாளின் தாயுடைய வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

செலி குவரின் 1831-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் நாள் பிரான்ஸ் நாட்டில், நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். வீட்டில் பக்தி இருந்தது, கண்டிப்பும் இருந்தது. ஆனால் பிள்ளைகளைக் கொஞ்சிச் சீராட்டும் பழக்கம் இல்லை. அந்த ஏக்கம் அவர் மனதில் கடைசி வரை இருந்தது. துறவறத்தை விரும்பி அலன்சோன் நகரத்துக் கன்னியரை நாடினார், அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. மனம் தளராமல், அந்நகருக்குப் பேர்பெற்ற ஊசி லேஸ் வேலையைக் கற்று, 1853-ல் சொந்தமாகவே தொழில் தொடங்கினார். பெண்கள் பலர் தத்தம் வீட்டில் சிறு சிறு துண்டுகளாகச் செய்து கொண்டுவரும் லேஸை, இணைப்பே தெரியாதபடி ஒன்றாகச் சேர்ப்பது செலி அம்மாளின் வேலை.

அதே நகரில் கடிகாரக் கடை வைத்திருந்தவர் லூயி மார்ட்டின். அவரும் ஆல்ப்ஸ் மலையிலுள்ள மடத்தில் சேர விரும்பி, லத்தீன் மொழி தெரியாததால் திரும்பியவர். 1858-ம் ஆண்டு ஜூலை 13-ம் நாள் இவர்கள் திருமணம் நடந்தது. தினமும் அதிகாலைத் திருப்பலிக்கு இருவரும் சேர்ந்து சென்றார்கள். வியாபாரம் போகிறதே என்று நண்பர்கள் சொல்லியும், ஞாயிற்றுக்கிழமையில் லூயி கடையைத் திறக்கவில்லை. மனைவியின் தொழில் பெருகியபோது, 1870-ல் தம் கடையை உறவினருக்கு விற்றுவிட்டு அவருக்குத் துணையாக நின்றார். மனைவியின் தொழிலுக்குக் கணவன் கைகொடுப்பது கெளரவக் குறைவு என்று அவர் எண்ணவில்லை.

ஒன்பது பிள்ளைகளை இறைவன் கொடுத்தார். 1867 முதல் 1870 வரை, நான்கே ஆண்டுகளில், நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்தார்கள். எஞ்சியவர்கள் மரி, பொலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்கள்.

இவர்களில் நடுப்பிள்ளை லெயோனியே பெற்றோருக்குப் பெரும் கவலை. பிறந்தது முதல் நோயாளி. படிப்பு ஏறவில்லை, சொன்ன சொல் கேட்பதில்லை. செலி அம்மாளின் அக்காள் கன்னியராக இருந்த மடத்துப் பள்ளியிலேயே அவளை வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். தாய் ஜெபித்தார், கண்டித்தார், அழுதார். பலன் இல்லை. காரணம் 1877-ல்தான் வெளிப்பட்டது. வீட்டு வேலைக்காரி அவளை மிரட்டி, தனக்கு மட்டுமே அடங்கும்படி பல காலம் ஆட்டிவைத்திருக்கிறாள். இதை முதலில் கண்டுபிடித்தவள் மூத்தவள் மரி. லேஸ் வேலையில் இராப்பகலாக உழைத்த தாயின் கண்ணுக்கு, தன் வீட்டுக்குள் நடந்தது தெரியாமல் போயிற்று!

புனிதையின் வாழ்விலும் இத்தகைய குறை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறிந்த பின் அவர் செய்ததே நமக்குப் பாடம். அப்போது மார்புப் புற்றுநோய் முற்றிவிட்டது, மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஆயினும் லெயோனியை எப்போதும் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். கண்டிப்பைக் குறைத்து அன்பைக் கூட்டினார். முரட்டுப் பிள்ளை சில வாரங்களில் தாயை விட்டு அகலாத பிள்ளையானாள். இவளுக்காகவாவது இன்னும் சில காலம் வாழவேண்டும் என்று, ஜூன் மாதத்தில் மூத்த பெண்கள் மூவருடன் லூர்து நகருக்குத் திருயாத்திரை போனார். குணம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 28-ம் நாள், 45-ம் வயதில் காலமானார். தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

லூயி பெண்களை அழைத்துக்கொண்டு, மனைவியின் சகோதரர் வாழ்ந்த லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தார். நான்கு பெண்கள் அங்குள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார்கள். லெயோனி மூன்று முறை மடத்தில் சேர்ந்து மூன்று முறையும் வெளியே வந்தாள். 1899-ல், நான்காம் முறையாகக் கான் நகரத்து மினவுதல் மடத்தில் நுழைந்து, 1941-ல் இறக்கும் வரை அங்கேயே நிலைத்திருந்தாள். 2015-ல் அவளுக்கும் புனிதர் பட்டத்துக்கான விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 18-ம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், லூயி, செலி இருவரையும் புனிதர்களாக அறிவித்தார். கணவன் மனைவியாக ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்ற முதல் தம்பதியர் இவர்களே.

பெற்றோரே, பிள்ளைகள் எல்லோரும் மடத்துக்குப் போகவேண்டும் என்பதல்ல இதன் பொருள். முதல் வகுப்பில் தேறும் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். பின்தங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசவே கூசுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளையைக் கைவிட்டுவிட்டு ஒரு குடும்பம் முன்னேறியது என்று சொல்ல முடியாது. அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்று கேட்க, உழைப்பின் நடுவில் சற்று நேரம் ஒதுக்குங்கள். அவனுடைய மூத்தவர்கள் சொல்வதையும் செவிகொடுத்துக் கேளுங்கள். காலம் கடந்துவிட்டதே என்று சோர்ந்துபோகாதீர்கள். செலி அம்மாளுக்குக் கிடைத்தது சில மாதங்களே. அவை போதுமானவையாக இருந்தன.

புனித லூயி, புனித செலி நம் குடும்பங்களுக்காக இறைவனை மன்றாடுவார்களாக!