பளிங்கின் காந்தவியல்பை அளந்த பேரறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

எளிய கருவியும் பொறுமையும் கொண்டு பளிங்குகளின் உள்ளியல்பை ஆராய்ந்து உலகப் புகழெய்திய தமிழர் சேர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். இவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின், கல்கத்தா சென்று சேர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

1928இல் வெளியான இராமன் விளைவின் கண்டுபிடிப்பிற் கிருஷ்ணனின் பங்கு பெரிது. எனினும், 1930இல் நோபெற் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அதற்கு முன்னரே டாக்காப் பல்கலைக்கழகஞ் சென்றிருந்த கிருஷ்ணன், பளிங்குகளின் காந்தவியல்பென்னும் தனித்துறையில் முழுமனத்தோடு ஈடுபட்டிருந்தார்.

சிறு பளிங்கொன்றை மெல்லிய குவார்ட்சு இழையிற் கட்டிக் காந்தப்புலத்திலே தொங்கவிடுவார். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவார். ஓரெல்லையிற் பளிங்கு சட்டெனச் சுழன்று திரும்பும். அம்முறுக்குக் கோணத்தைக் கொண்டு, திசைக்குத் திசை பளிங்கின் காந்தவியல்பு எவ்வளவு வேறுபடுகின்றதெனக் கணித்தார். பளிங்கினுள் மூலக்கூறுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதற்கும் அவ்வளவை சான்றாயிற்று.

பளிங்கின் திசையியல்பை அறிதல் எத்துணை இன்றியமையாததென்பதைப் பிற்காலத்துக் கருவிகள் உணர்த்தின. றேடார் முதலியவற்றில் வானொலிச் சைகையொன்றைக் கணநேரந் தாமதிக்கச் செய்தல் வேண்டும். அச்சைகை செக்கனுக்கு 3 இலட்சங் கிலோமீற்றர் விரைவது. அதனை எங்ஙனம் நிறுத்தி வைப்பது? பளிங்கினுள் அதனை ஒலியலையாக மாற்றினால், வேகம் செக்கனுக்குச் சில கிலோமீற்றராகக் குறையும். ஒரு சதமமீற்றர் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 2 மைக்குரோசெக்கன் செல்லும். அதற்குள் வெளியில் அச்சைகை 600 மீற்றர் கடந்திருக்கும். 1956இற் கண்டறியப்பட்ட இத்திரியம் இரும்புக் காணெற்றுப் பளிங்கில் சைகை முதலிற் காந்தவலையாகிப் பின்னர் ஒலியலையாகவும் மாறவல்லது. புறக் காந்தப்புலத்தை மாற்றித் தாமதத்தையுங் கூட்டலாம், குறைக்கலாம். இக்கருவிகள் கிருஷ்ணன் ஆக்கியவையல்ல. அவர் ஆராய்ந்த பளிங்குகளும் வேறு வகையின. ஆயினும், பளிங்கைத் தக்க திசையறிந்து வெட்டாவிடின் இவை செவ்வனே இயங்கா. திசையறிந்து அளக்கும் அந்நெறியை 1930களிலேயே செம்மையாகக் கையாண்டவர் அவர்.

1940இல் இலண்டன் றோயல் சங்கத்து உறுப்பினரானார். 1946இற் சேர் பட்டம் பெற்றார். 1947இல் இந்தியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். 1961இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். நூலிழை நுனியில் ஒரு பளிங்குத் துண்டு திரும்பும் கணத்திற்காகக் காத்திருந்த அப்பெருமகனின் பொறுமை, நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் அளவுகோலேந்தும் மாணவர் ஒவ்வொருவருக்கும் உரிய செல்வமாகுக.