ஸ்குகுஸா

தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று காட்டு மிருகங்களைக் கண்டு திரும்பியவர்களில் ஸ்குகுஸா என்ற பெயரை அறியாதார் இரார். குரூகர் தேசீய வனத்தின் தலைமை முகாம் அது. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள அவ்வனத்துக்குச் சாதாரண வருஷங்களில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வருகிறார்கள். மோட்டாரில் அமர்ந்தபடியே சிங்கத்தையும் யானையையும் கண்டு களிக்கிறார்கள். தாங்கள் இரவு தங்கிய இடத்தின் பெயர் உண்மையில் ஒரு மனிதருக்கு இடப்பட்ட பெயர் என்பதையும், அதை இட்ட ஸோங்கா ஜனங்கள் என்ன கருத்துடன் இட்டார்கள் என்பதையும் அவர்களில் எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள்? அம்மனிதரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

ஜேம்ஸ் ஸ்டீவன்ஸன்-ஹாமில்டன் 1867-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பிறந்தார். காந்தியடிகளுக்கு நாள் தவறாமல் இரண்டு வருஷம் மூத்தவர். இருவரும் ஒரே காலத்தில் டிரான்ஸ்வாலில் உழைத்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு சம்பந்தம் எதையும் நாம் கற்பிக்க முற்படவில்லை. ஸ்காட்லாந்தில் பூஸ்திதியுள்ள குடும்பத்தைச் சேர்ந்த அவர் குதிரைப் படையில் அதிகாரியாகிப் போயர் யுத்தத்தில் கலந்துகொண்டார். யுத்தம் முடிந்த 1902-ல், வெற்றி பெற்ற பிரிட்டிஷ் சர்க்கார் அவரைச் சாபி மிருகக் காப்புக்காட்டின் காவலதிகாரியாக நியமித்தது.

அக்காப்புக்காட்டை 1898-ல் பிரகடனம் செய்தவர் போயர் ஜனாதிபதி பால் குரூகர். ஆனால் பிரகடனம் காகிதத்தில் இருந்ததேயொழியக் காட்டில் இல்லை. 1896-லும் 1897-லும் பரவிய கால்நடைக் கொள்ளைநோய் எருமைக் கூட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று. நோய்க்குத் தப்பியவை வெள்ளை வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கு இரையாயின. யானை அநேகமாக அற்றுப்போயிருந்தது. மிருகமில்லாத மிருகக் காட்டுக்குத்தான் அவர் காவலரானார்!

அவர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, காட்டில் வசித்த ஜனங்களை வெளியேற்றியது. 2,000-க்கு மேற்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த ஊர்களை விட்டு அகற்றப்பட்டார்கள். அவர்கள் நேற்று வந்து ஒண்டியவர்களல்லர். அதே வனத்தின் எல்லைக்குள் மஸோரினிக் குன்றில், அந்நாட்டார் இரும்பு உருக்கிய இடத்தை இன்றும் பிரயாணிகளுக்குக் காட்டுகிறார்கள். வாயில்லா ஜீவன்களை ரட்சிக்க வந்தவர் வாயுள்ள ஜனங்களைத் துரத்தினார். கூட்டிப் பெருக்கித் தள்ளுகிறவர் என்ற பொருளில் அவர்கள் அவரை ஸ்குகுஸா என்றழைத்தார்கள். எல்லாவற்றையும் தலைகீழாக்கியவர் என்று பொருள் சொல்வோரும் உண்டு. 1936-ல் அதிகாரிகள் அப்பெயரையே கௌரவமாகக் கருதி முகாமுக்குச் சூட்டினார்கள்.

ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்வது நமது நோக்கமன்று. கள்ள வேட்டையாடிய வெள்ளைப் போலீஸ் அதிகாரிகளையும் அவர் கோர்ட்டில் நிறுத்தினார். அக்காலத்து டிரான்ஸ்வாலில் இது எளிய காரியமன்று. பிற்காலத்தில் காட்டின் எல்லை விரிந்தபோது, உள்ளே அகப்பட்ட குடிகள் பலரை இருக்க விட்டார். ஆனால் குடியிருக்கும் உரிமைக்கு வாடகையாக அவர்கள் உடலுழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. சொந்த மண்ணில் கூலியாட்களாக இருக்கும் இந்த ஏற்பாட்டைத் தயை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

நிற்க. ஆரம்பத்தில் அவர்கூடச் சிங்கத்தை விரோதியாகவே பாவித்தார். மான் பெருக வேண்டுமானால் சிங்கம் குறைய வேண்டும் என்பது அக்காலத்துச் சித்தாந்தம். ஆயிரத்துக்கு மேற்பட்ட சிங்கங்கள் காவலர்களாலேயே சுடப்பட்டன. 1903-ல் ஹாரி வோல்ஹூட்டர் என்ற காவலர் மாலையிருட்டில் குதிரைமீது வந்தபோது இரண்டு சிங்கங்கள் தாக்கின. ஒன்று குதிரையைத் துரத்திற்று. மற்றொன்று கீழே விழுந்தவரின் வலது தோளைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் இடது கையால் இடுப்புக் கத்தியை உருவிக் குத்தி அதைக் கொன்றார். பின் ஒரு மரத்திலேறி, மயங்கி விழாமலிருக்கத் தம்மை வாரால் கட்டிக்கொண்டார். அந்தக் கத்தியும் சிங்கத்தின் தோலும் ஸ்குகுஸாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இத்தகைய காட்டிலேயே வருஷக்கணக்கில் வாழ்ந்த ஸ்டீவன்ஸன்-ஹாமில்டன், கொல்லும் மிருகமும் கொல்லப்படும் மிருகமும் ஒன்றையொன்று சமன் செய்து வாழ்வதைக் கண்டு தமது கொள்கையை மாற்றிக்கொண்டார்.

மிருகத்தைச் சுடாமல் பார்ப்பதற்காகவே ஜனங்கள் பணம் கொடுப்பார்கள் என்பதை முதலில் காட்டியது ரயில்வே. 1923-ல் ஒன்பது நாள் உல்லாசப் பிரயாணம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் சாபிக் காட்டுக்கு முக்கியத்துவமே இல்லை; ரயில் அவ்வழியே போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் காவலர் துணையுடன் காட்டுக்குள் சிறிது தூரம் நடந்து, இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்த அனுபவமே பிரயாணிகளுக்கு எல்லாவற்றிலும் அதிகமாகப் பிடித்திருந்தது. நிலத்துக்கும் சுரங்கத்துக்கும் காட்டைக் கேட்டவர்களுக்கு ஸ்டீவன்ஸன்-ஹாமில்டன் இதையே பதிலாகக் காட்டினார். 1926-ம் வருஷம் மே 31-ந் தேதி தேசீய வனச் சட்டம் நிறைவேறிற்று. வனத்துக்குக் குரூகரின் பெயரை இட்டது ராஜதந்திரம். போயர் தலைவரின் பெயர் தாங்கிய மசோதாவை எதிர்க்கப் போயர் பிரதிநிதிகளில் யார் துணிவார்? இருபத்துநான்கு வருஷம் உழைத்தவரின் பெயர் சட்டத்தில் இடம் பெறவில்லை. அவரும் அதற்கு ஆசைப்படவில்லை.

1927-ல் வனத்துக்குள் வந்த மோட்டார்கள் 3. மறு வருஷம் 180. அதற்கடுத்த வருஷம் 850. முதலில் வந்தவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கி, முள்வேலியிட்டுத் தூங்கினார்கள். நாளடைவில் வண்டியை விட்டு இறங்கலாகாது, சூரியன் மறையுமுன் முகாமுக்குத் திரும்பவேண்டும் என்ற விதிகள் ஏற்பட்டன. மோட்டாருக்குள் இருப்பது மனிதன் என்று சிங்கம் பொருட்படுத்துவதில்லை. இறங்கி நின்றால் அக்கணமே உணர்ந்துகொள்ளும். வனத்தைக் காப்பாற்றக் கூட்டம் வேண்டும். கூட்டம் பெருகினால் வனம் வெறும் மிருகக்காட்சிசாலையாகிவிடும். இந்தச் சங்கடத்துடனேயே அவர் 1946-ல் ஓய்வு பெற்றார். 1957-ல் காலமானார். 1979-ல் அவர் மனைவியும் மறைந்தபின், இருவர் அஸ்தியும் ஸ்குகுஸாவுக்கருகில் ஷிரிமந்தங்கா என்ற பாறைக்குன்றில் தூவப்பட்டன.

நிறவேற்றுமைக் காலத்தில், வெள்ளையரல்லாத பிரயாணிகள் தங்க பலூலே என்ற, மின்சார விளக்கில்லாத சிறு முகாம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஜனங்களைப் பெருக்கித் தள்ளும் வழக்கமும் அவருடன் ஒழியவில்லை. வனத்தின் வடகோடியில் லிம்போபோ நதிக்கரையில் வாழ்ந்த மகுலேகே ஜனங்களை 1969-ல் நிறவெறி அரசாங்கம் பலாத்காரமாக வெளியேற்றி, அவர்களுடைய நிலத்தை வனத்துடன் சேர்த்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜனநாயகம் மலர்ந்தபின் வழக்காடி, 1998-ல் தங்கள் நிலத்துக்குரிய பாத்தியதையைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றபின் அவர்கள் காட்டை வெட்டவுமில்லை, மிருகங்களைத் துரத்தவுமில்லை. நிலம் வனமாகவே நீடிக்கச் சம்மதித்தார்கள். அங்கே பிரயாணிகள் இன்றும் யானைகளைப் பார்க்கிறார்கள். விடுதிகளின் வருமானத்தில் ஒரு பங்கு நிலத்தின் சொந்தக்காரர்களுக்குச் சேருகிறது.