கணக்கேட்டின் வழியே தொண்டு: ஜே. சி. குமரப்பாவின் வாழ்வு

சென்ற தவக்காலத்தில் எங்கள் வகுப்பு மாணவியர் அனைவரும் சேர்ந்து ஓர் உண்டியல் வைத்தோம். சென்னீர்குப்பத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் சில ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் வாங்கித் தருவது எங்கள் நோக்கம். ஐந்து வாரங்களில் 2,340 ரூபாய் சேர்ந்தது. பொருள்களை வாங்கிப் பைகளில் கட்டிய அன்று வெயில் கடுமையாக இருந்தது. களைப்புத் தீர நாங்கள் குளிர்பானமும் சமோசாவும் வாங்கிக்கொண்டோம். அதற்கு ஆன 180 ரூபாயை உண்டியல் பணத்திலிருந்தே எடுத்தோம். ஏழைகளுக்காகத்தானே உழைக்கிறோம் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று எங்களில் ஒருத்திக்கும் அது தவறாகப் படவில்லை.

பின்னர், இம்மலருக்காக ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்படி எங்கள் தமிழம்மா பணித்தார்கள். கிராம மக்களின் வறுமையைப் போக்கத் தம் வாழ்நாளையே கொடுத்த ஒரு தமிழரைத் தேர்ந்தெடுத்தோம். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க, மூடி வைத்த எங்கள் கணக்கு நோட்டை மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. அவரே ஜே. சி. குமரப்பா.

குமரப்பா 1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது. தந்தையார் அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் அம்மையார் பக்தியும் இரக்கமும் மிக்கவர். செல்லதுரை இலண்டன் மாநகர் சென்று கணக்குத் தணிக்கைக் கல்வி பயின்று அங்கேயே பணியும் செய்தார். முதல் உலகப் போர் முடிந்தபின் தாயாரின் விருப்பத்திற்கு இணங்கித் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். உயர்ந்த ஆடை, நிறைந்த வருவாய், மேனாட்டு நாகரிகம் ஆகிய அனைத்தும் அவரிடம் இருந்தன. அவர் அப்படியே வாழ்ந்திருந்தால் பெருஞ்செல்வராகியிருப்பார். இன்று நாம் அவரை நினைத்திருக்க மாட்டோம்.

1927-இல் மேற்படிப்புக்காக அவர் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஒருநாள், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் சொற்பொழிவாற்றினார். அதனைச் செய்தித்தாளில் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளும்படி தூண்டினார். அவரும் ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்குகளைப் புரட்டினார். உழவனிடம் வாங்கிய வரிப்பணம் உழவனுக்குத் திரும்பி வரவில்லை என்பதை அக்கணக்குகளிலேயே கண்டார். ஆடம்பர வாழ்வில் இருந்த அத்தணிக்கையாளரை நாட்டுத் தொண்டராக மாற்றியவை அந்த எண்களே என்றால் மிகையாகாது. தாயகம் திரும்பிய பின் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராகக் கொண்டார். அவருடைய தம்பி பாரதனும் அவ்வாறே செய்தார்.

1929-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், தம் ஆராய்ச்சி நூலை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்திற்குச் சென்றார். அங்கே மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்று அறிந்ததும், பட்டுத் துணியால் ஆன மேனாட்டு உடையையும் பொருட்படுத்தாமல் குமரப்பா அத்தரையிலேயே அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர் பின்பு கிராமத்து மண்ணை விட்டு எழவே இல்லை எனலாம்.

காந்தியடிகள் அவருக்கு முதலில் கொடுத்த வேலை மேடைப் பேச்சு அன்று. குசராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளாதார நிலையை ஆராயும் வேலையே அது. குசராத் வித்தியாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு 54 கிராமங்களின் நிலையைக் கணக்கெடுத்தார். எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எவ்வளவு கடன், எவ்வளவு வரி, உண்ண என்ன மிஞ்சுகிறது என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதினார்கள். நோயாளியைத் தொட்டுப் பாராமல் மருந்து எழுதும் மருத்துவர் உண்டோ? கிராமத்தைக் கேட்டறியாமல் கிராமத்திற்குத் திட்டம் தீட்டுவதும் அத்தகையதே.

உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ இதழை நடத்தும் பொறுப்பை ஏற்றுச் சிறை சென்றார். 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிவாரண நிதியின் கணக்கை மேற்பார்க்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு மூன்று அணாவே என்று அவர் வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினருடன் அங்கு வந்தபோது, அக்குழுவின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று தெரிவித்துவிட்டாராம். காந்தியடிகளும் அதனை ஏற்றுக்கொண்டாராம். வீடிழந்தவனுக்காக வந்த பணம் வீடிழந்தவனுக்கே உரியது. மகாத்மாவே ஆயினும் அதற்கு விலக்கில்லை.

இவ்விடத்தைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சற்று நேரம் பேச்சே எழவில்லை. அந்த 180 ரூபாய் எங்கள் எல்லோருடைய நினைவிலும் வந்தது.

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். அச்சங்கம் இருந்த இடம் மகன்வாடி. நெல்லைக் கையால் குத்துதல், மரச்செக்கில் எண்ணெய் ஆட்டுதல், பனைவெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்த்தல், கையால் காகிதம் செய்தல், சவர்க்காரம் செய்தல் ஆகிய தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன, கற்பிக்கவும் பட்டன. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கும் அங்கே உருவாயிற்று.

இவை சிறு தொழில்கள்தாமே என்று நாம் எண்ணலாம். ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு. ஆலையில் மிகவும் தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது. அதனோடு சத்தும் போய்விடுகிறது. ஊரில் நெல் குத்திப் பிழைத்த பெண்களின் கூலியும் போய்விடுகிறது. பனையோ வறண்ட நிலத்திலும் வளரும். கரும்புக்கு நல்ல நிலமும் நிறைந்த நீரும் வேண்டும். ஆகவே ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையை மட்டும் பார்த்தல் போதாது. அதைச் செய்தவர் யார், அந்தப் பணம் எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1942 போராட்டத்தை அடுத்து மீண்டும் சிறை. அங்கே உடல் நலிந்த நிலையிலும் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் போதனையையும் வாழ்வையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகளே முன்னுரை வழங்கினார். இரண்டாம் நூலில் அவர் இயற்கையிலிருந்து காட்டும் படிகள் எங்களுக்கு மிகவும் பிடித்தன. புலி பிற உயிரைக் கொன்று வாழ்கிறது. குரங்கு தான் நடாத மரத்தின் கனியைப் பறிக்கிறது. பறவை தன் உழைப்பால் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, தாய் பயன் கருதாமல் தன் குழந்தைக்குத் தருகிறாள். நாடும் வீடும் புலி, குரங்கு நிலைகளை விட்டுத் தாயின் நிலைக்கு ஏற வேண்டும் என்பது அவர் கருத்து.

நாடு விடுதலை பெற்றபின், காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து, உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும் என்று 1949-இல் அறிக்கை தந்தார். ஆயினும் நாடு பெரிய ஆலைகளின் வழியையே மிகுதியாக விரும்பியது. அவர் மனம் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. 1950-களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். அவருடைய எளிய குடிலில் ஓர் ஏழைக் கிராமவாசியின் படம் இருந்ததாம். காந்தியடிகள் தம் தலைவர் என்றும், அந்த ஏழையே தம் தலைவரின் தலைவர் என்றும் அவர் விளக்குவாராம். திருமணம் செய்துகொள்ளாமல் தொண்டிலேயே வாழ்ந்த அப்பெரியார், 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே, எங்கள் கணக்கு நோட்டின் கதையை முடிக்க வேண்டும். 180 ரூபாயை நாங்கள் பங்கிட்டு, அவரவர் கைச்செலவுப் பணத்திலிருந்து திருப்பி வைத்தோம். அத்துடன் மனம் ஆறிவிடும் என்று நினைத்தோம், ஆறவில்லை. ஏனெனில் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அரிசிப் பையை வாங்கிக்கொண்ட பாட்டி ஒருவர், தம் மருமகளுக்குத் தையல் தெரியும் என்றும், எங்கேயாவது தையல் வேலை கிடைக்குமா என்றும் எங்களிடம் கேட்டார். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். அவர் கேட்டது எங்கள் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அரிசியின் எடையை எழுதினோம். அவருடைய தேவையை எழுதவில்லை.

1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்பு தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களை நாம் அறிவோம். அக்குழுப் பெண்கள் தாங்களே சேமித்து, தாங்களே கடன் கொடுத்து, தாங்களே கணக்கெழுதுகிறார்கள். எங்களில் ஒருத்தியின் தாயாரும் அப்படியொரு குழுவில் இருக்கிறார். அந்த மருமகளை அவரிடம் அழைத்துச் சென்றோம். சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தையல் எந்திரம் வாங்கக் கடன் இன்னும் கிடைக்கவில்லை. சேமிப்பு மட்டும் தொடங்கியிருக்கிறது.

வருகின்ற தவக்காலத்திலும் உண்டியல் வைப்போம். ஆனால் அதற்கு முன் வீட்டுக்கு வீடு சென்று, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவோம். எங்கள் தேநீர்ச் செலவு எங்களுடையதாகவே இருக்கும். இறைவன் அதற்கான மனத்தை எங்களுக்கு அருள்வாராக.

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்