சகோதரி சுப்பலட்சுமி: ஆசிரியப் பணியின் கதவைத் திறந்தவர்

பெண்கல்வி வரலாற்றைப் பேசுங்கால் கற்ற பெண்களை நினைக்கிறோம். கற்பித்த பெண்களை மறந்துவிடுகிறோம். கற்பிக்கப் பெண்கள் இல்லாமையாலேயே கற்க வந்த சிறுமியர் பாதியில் நின்றுபோன காலம் ஒன்று இருந்தது. பூப்பெய்திய மகளை ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் மறுத்தனர். மனைவியை வேலைக்கு அனுப்பக் கணவர் இசையவில்லை. இந்த முட்டுச்சந்தில் வழி கண்டவர் சகோதரி சுப்பலட்சுமி அம்மையார்.

1886இல் சென்னை மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சிக்கும் மூத்த மகளாகப் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே மணமுடிக்கப்பெற்று, இல்வாழ்க்கை தொடங்கு முன்பே கைம்மையுற்றார். அவரை மூலையில் அமர்த்தாமல் பெற்றோர் கல்வியில் ஈடுபடுத்தினர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பயின்று, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார்.

பெற்ற பட்டத்தைத் தமக்கு மட்டும் அணியாக்கிக் கொள்ளவில்லை. 1912இல் சாரதா மகளிர் சங்கத்தையும் இளங் கைம்பெண்களுக்கான இல்லத்தையும் தோற்றுவித்தார். பள்ளிகளுக்கு ஆசிரியைகள் தேவை. கைம்பெண்களுக்கோ வாழ்வு தேவை. இரண்டையும் ஒன்றாக முடிச்சிட்டதே அம்மையாரின் நுண்ணறிவு. கல்வித்துறை ஆய்வாளராக இருந்த லிஞ்ச் அம்மையாரின் ஆதரவும் கிடைத்தது. எழும்பூரில் நால்வரோடு தொடங்கிய இல்லம் வளர்ந்து, பின்னர்க் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. அமங்கலம் என ஒதுக்கப்பட்டவர்கள் ஊதியம் பெறும் ஆசிரியைகளாக வெளிவந்தனர். 1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர்.

குறையையும் கூறுதல் வேண்டும். இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண்களுக்கே உரியதாக இருந்தது. கணவனை இழந்தவளுக்குத் திறந்த கதவு, கணவனோடு வாழ்ந்தவளுக்கு எளிதில் திறக்கவில்லை. எனினும் அரசுப் பணியிலிருந்தபடியே குழந்தை மணத் தடைச் சட்டத்திற்கு ஆதரவு திரட்டி, துயரின் வேரையே களைய முயன்றார்.

1952 முதல் 1956 வரை சட்டமேலவை உறுப்பினராக விளங்கினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார்.

ஆசிரியப் பணி பெண்களுக்கு ஏற்றது என்று இன்று பாராட்டாகச் சொல்கிறார்கள். ஒருகாலத்தில் அது பெண்ணுக்கு மறுக்கப்பட்ட பணி என்பதை அவர்கள் நினைப்பதில்லை. ஏற்ற பணி என்ற சொல்லே பிற பணிகளுக்குத் தடையாகவும், தலைமை இருக்கைக்குத் தடையாகவும் மாறிவிடலாகாது. கரும்பலகையின் முன் நிற்கும் என்னைப் போன்றோர் அம்மையாருக்குப் பட்ட கடன், அந்தக் கதவை இன்னும் அகலத் திறந்து வைப்பதே.