பிறர் இசைக்குக் கருவியானவர்



ஆலயப் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் முன்னின்று பாடியவருக்கும், இன்னொருவருக்கு இடம்விட்டு ஒதுங்கும் வேளை ஒருநாள் வரும். அந்த வேளையை எப்படி எதிர்கொள்வது? பேராலய இசைஞராக இருந்து, பியானோ செய்பவராக மாறிய இக்னாஸ் பிளேயெலின் வாழ்வு இதற்கு விடை சொல்கிறது.

இவர் 1757ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ஆஸ்திரியாவின் ருப்பர்ஸ்தால் என்ற சிற்றூரில், பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். எர்டோடி பிரபு செலவை ஏற்றுக்கொள்ள, இசைமேதை ஹைடனிடம் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பயின்றார். பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தில் துணை இசை இயக்குநராகச் சேர்ந்து, 1789இல் தலைமைப் பொறுப்பேற்றார். அந்நாள்களில் அவருடைய படைப்புகள் ஐரோப்பா எங்கும் விரும்பி இசைக்கப்பட்டன.

அதே ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பேராலய இசைப்பணி நின்றுபோனது. 1791 இறுதியில் அழைப்பின்பேரில் இலண்டன் சென்றார். அழைத்தவர்களின் நோக்கமோ, அங்கிருந்த ஹைடனுக்குப் போட்டியாக அவருடைய சீடரையே நிறுத்துவது! ஆனால் குருவும் சீடரும் பகைவர்களாகவில்லை. ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் சென்று மகிழ்ந்தார்கள்.

பிரான்சு திரும்பியவர்மீது புரட்சியாளர்களின் சந்தேகம் விழுந்தது. தம் விசுவாசத்தை மெய்ப்பிக்க, புரட்சியைப் போற்றும் பாடல்களை இயற்றினார். அவர் மறைச்சாட்சி அல்லர்; நம்மைப் போன்ற சாதாரண மனிதர்தான்.

1795இல் பாரிசில் குடியேறி, இசைநூல் பதிப்பகம் தொடங்கினார். போட்டியாக நிறுத்தப்பட்ட அதே சீடர்தான், 1801இல் ஹைடனின் நால்வர் இசைப் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். 1807இல், ஐம்பது வயதில், பியானோ தொழிற்சாலையை நிறுவினார். மக்களின் இரசனை மாறியது. அவருடைய படைப்புகள் மெல்ல மறக்கப்பட்டன. வயலின் பயிலும் மாணவர்கள் மட்டும் அவருடைய இருவர் இசையை இன்றும் வாசிக்கிறார்கள்.

1831 நவம்பர் 14ஆம் நாள் பிளேயெல் இறந்தார். அந்த இலையுதிர்காலத்தில்தான் ஷோப்பன் என்ற போலந்து இளைஞர் பாரிசு வந்து சேர்ந்திருந்தார். 1832 பிப்ரவரியில் அவர் தம் முதல் பாரிசு கச்சேரியை நடத்தியது பிளேயெல் நிறுவனத்தின் அரங்கில். 1839இல் மயோர்க்கா தீவின் பழைய துறவுமடத்தில் நோயுற்றுத் தங்கியிருந்தபோது, பாரிசிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது ஒரு பிளேயெல் பியானோ. 1848 பிப்ரவரியில் அவருடைய கடைசி பாரிசு கச்சேரியும் பிளேயெல் அரங்கிலேயே நடந்தது.

அந்த இசையில் எதையும் பிளேயெல் கேட்கவில்லை. ஆனால் அது ஒலிக்க அவர் வழி செய்துவைத்திருந்தார். நம் குரல் ஓய்ந்த பின்னும் பிறர் பாட நாம் எதை விட்டுச் செல்கிறோம்? சிந்திப்போம்.