மண்ணில் நண்பரைக் கண்டவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கு உளுந்தும் கம்பும் பருத்தியும் விதைக்கும் உழவருக்கு உரம் வாங்குவதும் ஒரு சூதாட்டமே. ஈரமில்லையேல் இட்ட யூரியா வீண், கடன்தான் மிஞ்சும். காற்றிலோ நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்னும் தழைச்சத்து! அதைப் பயிருக்கு ஆக்கித் தரும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க்.

இவர் 1851 மார்ச் 16இல் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். தந்தை வணிகத்தில் நொடித்துப்போன புகையிலை வியாபாரி. வறுமையிடையே கற்று, வாகனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியரானார். 1885இல் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் ஆலையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் செடியின் வேரைவிட்டு அகலவில்லை.

அவரையினப் பயிர்கள் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பெறுகின்றன என்று 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் காட்டினார். அம்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவை 1888இல் தனியே பிரித்து வளர்த்தவர் பெய்ஜெரிங்க். இன்று நாம் ரைசோபியம் என்பது அதுவே.

1895இல் அவர் டெல்ஃப்டில் பேராசிரியரானார். வேர்முடிச்சில் தங்காது, காற்றோட்டமான மண்ணில் தனித்து வாழ்ந்தே இப்பணியைச் செய்யும் உயிர் உண்டா? அதைத் தேட அவர் கையாண்ட வழி மிக எளியது. தழைச்சத்து சேராத சர்க்கரைக் கரைசலில் சிறிது தோட்டமண்ணை இட்டார். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்க வல்லவை மட்டுமே அதில் பெருகும், ஏனையவை பின்தங்கும். களத்தில் தூற்றிப் பதர் நீக்கி மணி எடுப்பது போன்றதே இம்முறை! இவ்வாறு 1901இல் அசட்டோபாக்டர் கிடைத்தது. 1925இல் அவர் விவரித்த மற்றோர் உயிரே 1978இல் அசோஸ்பைரில்லம் எனப் பெயர் பெற்றது.

மணம் செய்துகொள்ளாமல் ஆய்வகமே வீடாக வாழ்ந்தார். மாணவரிடம் கடுமை காட்டினார். 1921இல் ஓய்வு பெற்று, 1931 ஜனவரி 1இல் மறைந்தார்.

வடநாட்டில் கோதுமைக்கு அசட்டோபாக்டரும், நம் பக்கம் உளுந்துக்கு ரைசோபியமும், கம்புக்கும் பருத்திக்கும் அசோஸ்பைரில்லமும் இன்று பயன்படுகின்றன. ஆறிய கஞ்சியில் இவற்றைக் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். இவ்வுரம் முழு உரத்துக்கும் ஈடாகாது; ஒரு பகுதியையே மிச்சப்படுத்தும். பொட்டலத்தில் இருப்பது உயிர். வெயிலில் வைத்தாலோ, ரசாயன உரத்தோடு கலந்தாலோ, காலாவதியான பின் பயன்படுத்தினாலோ பயன் தராது. இவ்வளவையும் வீட்டில் எடுத்துச் சொல்வோமானால், அந்த டெல்ஃப்ட் பேராசிரியரின் உழைப்பு நம் கரிசலுக்கும் வந்து சேரும்.