ரயிலுக்குக் கடிவாளம் போட்ட வெஸ்டிங்ஹவுஸ்

ஓடும் ரயிலை நிறுத்துவது ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்தது. அமெரிக்காவில் டிரைவர் விசில் கொடுத்ததும் ஆட்கள் கூட்ஸ் வண்டியின் கூரைமேல் ஓடி, பெட்டிக்குப் பெட்டி கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் போடுவார்கள். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து மாண்டவர் அநேகர்.

இதற்கு முடிவு கட்டிய ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1846 அக்டோபர் 6-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தகப்பனார் விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். உள்நாட்டுப் போரில் பணிபுரிந்து திரும்பிய பையன் கல்லூரியில் சேர்ந்து, மூன்றே மாதத்தில் விட்டுவிட்டார். பட்டறையே அவருக்குப் பள்ளிக்கூடம்.

ஒரு பயணத்தின்போது, நேர்ப்பாதையில் பட்டப்பகலில் இரண்டு கூட்ஸ் வண்டிகள் மோதிக் கிடப்பதைக் கண்டார். டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தும் நிறுத்த முடியவில்லை. அன்றுமுதல் அதே சிந்தனை. ஆல்ப்ஸ் மலைச் சுரங்கத்தை அழுத்தக் காற்றால் குடைகிறார்கள் என்று பத்திரிகையில் படித்தார், வழி பிறந்தது. 1869-ல் காற்றுப் பிரேக்குக்குப் பேடண்ட் பெற்றார். அப்போது வயது 22.

என்ஜினிலிருந்து ஒரு குழாய் வழியே காற்று சென்று எல்லாப் பெட்டிகளிலும் பிரேக்கை அழுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழாய் அறுந்தால்? பெட்டிகள் கழன்றால்? பிரேக்கே இல்லை. பலரும் இத்தோடு திருப்தியடைந்திருப்பார்கள். அவர் அடையவில்லை.

1872-ல் முறையைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தனிக் காற்றுத் தொட்டி, ஒரு வால்வு. குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். டிரைவர் காற்றை வெளியேற்றினாலும் சரி, குழாயே அறுந்தாலும் சரி, அழுத்தம் குறைந்த மாத்திரத்தில் பெட்டி தன் சொந்தத் தொட்டிக் காற்றால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். கழன்ற பெட்டிகளும் நின்றுவிடும். அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் குழாய்க் காற்று வெளியேறுவதால்தான்.

தானியங்கிப் பிரேக் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியும் எல்லோரும் வாங்கவில்லை. 1889 ஜூன் 12-ல் அயர்லாந்தில் அர்மா அருகே, ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் சென்ற உல்லாச ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்பெட்டிகளைக் கழற்றினார்கள். அதிலிருந்த வேக்குவம் பிரேக் தானியங்கி வகையல்ல, கழற்றியதும் விடுபட்டுவிட்டது. கைப்பிரேக் மட்டும் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த வண்டியில் மோதின. 80 பேர் மாண்டனர், பலர் குழந்தைகள். தானியங்கிப் பிரேக் கட்டாயம் என்று அந்த ஆண்டே பிரிட்டனில் சட்டம் வந்தது. செலவுக்கு யோசித்தவர்கள் அப்புறம்தான் அசைந்தார்கள்.

இந்தியாவில் நெடுங்காலம் தானியங்கி வேக்குவம் பிரேக் இருந்தது. பிறகு காற்றுப் பிரேக் வந்தது. மலை இறக்கத்தில் திரும்பத் திரும்பப் பிரேக் போட்டால் தொட்டிக் காற்று குறையும். அதற்காகப் பயணிகள் வண்டிகளில் இரண்டு குழாய்: பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம், தொட்டியை நிரப்பிக்கொண்டேயிருக்கும் இன்னொன்றில் 6 கிலோ. இரண்டாவது பழுதானாலும் ஒற்றைக் குழாயோடு வண்டியை ஓட்டிச் செல்லலாம்.

வெஸ்டிங்ஹவுஸ் பின்னர் மாறுதிசை மின்சாரத்தைப் பரப்பியதிலும் பெரும்பங்கு கொண்டார். தம் தொழிற்சாலையில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை தந்தவர் என்பதைத் தொழிலாளர்கள் நன்றியோடு நினைத்தனர். 1907 பண நெருக்கடியில் தம் மின்சாரக் கம்பெனியின் நிர்வாகம் கைவிட்டுப் போயிற்று. 1914 மார்ச் 12-ல் காலமானார். முன்னாள் போர்வீரர் என்பதால் ஆர்லிங்டன் ராணுவ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.